ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் தான் கார் ஓட்டணும்! வாசகர் கேள்வி பதில்

போன மாசம் நானும் எங்க வீட்டுக்காரரும் கலிஃபோர்னியால கார் எடுத்துக்கிட்டு சுத்துன கதையை இங்க எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விங்க இவ்வளவுன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. அதைப் படிக்காதவங்களுக்கு ரெண்டே வரில சொல்லிடறேன். கல்யாணமாகி 30 வருஷம் ஆச்சு, பொண்ணு ஃப்ரீமாண்ட்ல இருக்கா, அவ வீட்டுல பத்து நாள் இருந்துட்டு ஜூலை கடைசில எட்டு நாள் நாங்க ரெண்டு பேர் மட்டும் கிளம்பினோம். சான் ஃபிரான்சிஸ்கோல இருந்து வடக்க வைனுக்குப் பேர் போன சொனோமா, நடுவுல அரை நாள் நாபா, அப்புறம் ஹீல்ட்ஸ்பர்க், அங்கேருந்து 128-ஆம் நம்பர் ரோடு பிடிச்சு ஆண்டர்சன் வேலி, மெண்டசீனோ, திரும்பி வரும்போது 1-ஆம் நம்பர் ஹைவேல கடலை ஒட்டியே தெக்க இறங்கி கோல்டன் கேட் பாலம். மொத்தமே 400 மைல் சொச்சம் தான். இனி கேள்விகளுக்குப் போவோம்.

கே: நானும் என் மனைவியும் ரிட்டயர்டு ஆசிரியர்கள். ரெண்டு பேருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. அமெரிக்காவுல இருக்குற பையன் "வைன் கண்ட்ரி கூட்டிட்டுப் போறேன்"னு நிக்கிறான். அங்க எங்களுக்கு என்ன சார் வேலை? – கே.ஆர்., ராஜபாளையம்

ப: சார் இல்லீங்க, மேடம்! பரவாயில்ல விடுங்க.

ஐயா, எங்க வீட்டுலயும் இதே பஞ்சாயத்து தான், அவரு ஒரு கிளாஸ் எடுத்துப்பாரு, நான் தொடமாட்டேன். ஆனா எட்டு நாள்ல ஒரு நாள் கூட எனக்கு போர் அடிக்கல. திராட்சைத் தோட்டம்னாலும் தோட்டம் தோட்டம் தான், யார் பார்த்தாலும் அழகு தானே. நாங்க போன சமயம் பச்சைக் காயா இருந்த திராட்சைக் கொத்துல அங்கங்க ஒரு பழம் ரெண்டு பழம் மட்டும் கருநீலமா மாற ஆரம்பிச்சிருந்துச்சு, ஒரே கொத்துல பச்சை, ரோஸ், ஊதான்னு மூணு கலர். பிப்ரவரி, மார்ச்ல போனா கொடில ஒரு இலை இருக்காது, ஆனா வரிசைக்கு நடுவுல கடுகுச் செடி மஞ்சளா பூத்துக் கிடக்கும். எங்க பொண்ணு காட்டுன போட்டோவைப் பார்த்துட்டு ஏன்டா ஜூலைல போனோம்னு ஆயிருச்சு எனக்கு.

இன்னொன்னு, ஆண்டர்சன் வேலில ஃபிலோன்னு ஒரு சின்ன ஊர், அங்க நவாரோ வைன்யார்ட்ஸ்னு ஒரு இடத்துல வைன் திராட்சையையே புளிக்க விடாம வெறும் சாறா பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க. நம்ம ஊர் கடைல கிடைக்கிற கிரேப் ஜூஸை மனசுல வெச்சுக்காதீங்க, ரோஜாப்பூ வாசனை மாதிரி ஒண்ணு வருது அதுல. நான் நாலு பாட்டில் வாங்கினேன், ஊருக்கு வர்றதுக்குள்ள நாலும் காலி.

வாத்தியாருங்கன்னு சொல்றீங்க, அப்ப சொனோமா ஊரை விட்டுடாதீங்க. கலிஃபோர்னியால ஸ்பானிஷ் பாதிரிமாருங்க மதம் பரப்பக் கட்டுன 21 மிஷன்ல (தேவாலயக் குடியிருப்பு) கடைசியா 1823-ல வந்தது அங்க தான் இருக்கு, 1846-ல ஒரு கும்பல் சேர்ந்து கரடி போட்ட கொடியை ஏத்தி "நாங்க தனி நாடு"ன்னு அறிவிச்சதும் அந்த ஊர் மைதானத்துல தான். தனி நாடு ஒரு மாசம் கூடத் தாங்கல, கரடி மட்டும் இன்னைக்கும் மாநிலக் கொடில நிக்குது.

கே: நாங்க சான் ஹோசேல இருக்கோம். லாங் வீக்கெண்டு நாலு நாள் இருக்கு. முதல் நாள் நாபா, ரெண்டாவது நாள் மெண்டசீனோ, மூணாவது நாள் பிக் சர், நாலாவது நாள் லாஸ் ஏஞ்சலஸ் பார்த்துட்டு திரும்பலாம்னு பிளான். ஓகேவா அக்கா? – வி.என்., சான் ஹோசே

ப: தம்பி, இது ஓய்வா இல்ல கூரியர் வேலையா? மெண்டசீனோ எங்க இருக்கு, பிக் சர் எங்க இருக்கு, மேப்பை ஒரு தடவை நல்லா பாருங்க. ஒண்ணு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்க மூணரை மணி நேரம், இன்னொன்னு தெக்க மூணு மணி நேரம். உங்க பொண்டாட்டி நாலு நாளும் கார் கண்ணாடி வழியா தான் ஊரைப் பார்ப்பாங்க.

நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம், ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டக்கூடாது, ஒரு நாளைக்கு ரெண்டு வைனரிக்கு (வைன் தயாரிக்கிற இடம்) மேல கிடையாது, அவ்வளவு தான். உங்களுக்கு நாலு நாள்னா ஒரு ராத்திரி ஹீல்ட்ஸ்பர்க், ரெண்டு ராத்திரி மெண்டசீனோ, திரும்பி வர்றப்போ மட்டும் சட்டத்துக்கு லீவு விட்டுட்டு முழு நாளும் கடலோர ரோடு. தெக்க இருக்கறதை இன்னொரு தடவை பார்த்துக்கலாம், பிக் சர் எங்கயும் ஓடிடாது (ரோடு தான் அப்பப்ப சரிஞ்சு மூடிடுவாங்க, அது வேற கதை).

நாபாவை ஏன் விட்டேன்னு கேப்பீங்க. நாபா நல்ல ஊர் தான், பேருக்கு ஏத்த பெருமையும் இருக்கு. 1976 மே 24-ஆம் தேதி பாரிஸ்ல லேபிளை மறைச்சு வெச்சு ஒரு ருசிப் போட்டி நடத்தினாங்க, ருசி பார்த்த நடுவருங்க பிரெஞ்சுக்காரங்க, ஜெயிச்சது வெள்ளை வைன்ல நாபாவோட ஷாட்டோ மாண்டலீனா வைனரி, சிவப்புல நாபாவோட ஸ்டாக்ஸ் லீப் வைனரி, ரெண்டும் 1973 வருஷத்து சரக்கு. அதுவரைக்கும் கலிஃபோர்னியா வைனை யாரும் மதிச்சதில்ல, அன்னைக்கு அப்புறம் மதிக்காம இருக்க முடியல. ஆனா அந்தப் பேரே இப்ப சுமையாயிருச்சு, கலிஃபோர்னியால ஆகுற வைன்ல நாபாவோட பங்கு ஏறக்குறைய 4 சதவீதம் தான், கூட்டத்துலயும் விலைலயும் பாத்தா 90 சதவீதம் மாதிரி இருக்கு. 29-ஆம் நம்பர் ரோடுல சனிக்கிழமை போனீங்கன்னா நம்ம ஊர் தேர்த் திருவிழா தான். போகணும்னா புதன்கிழமை காலைல, அதுக்கு இணையா கிழக்கால ஓடுற சில்வராடோ டிரெயில்ல போங்க, அரை நாள் போதும்.

கே: வைனரி உள்ள போனா என்ன செய்யணும், எப்படி நிக்கணும்னு கூட தெரியாது. கிண்டல் பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு. குடிச்சுட்டு கார் ஓட்டினா போலீஸ் பிடிக்க மாட்டாங்களா? – எம்.எஸ்., திருச்சி

ப: கிண்டல் எல்லாம் ஒண்ணும் இல்ல, "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னா தான் அவங்க இன்னும் சந்தோஷமா ஊத்தறாங்க! பெரும்பாலான இடத்துல முன்கூட்டியே நேரம் புக் பண்ணணும், ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டணம் இருக்கு, நாலஞ்சு வகை வைனை ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சம் ஊத்துவாங்க. பக்கத்துல ஒரு சின்ன வாளி மாதிரி இருக்கும். நான் முதல்ல அதை எச்சில் கை கழுவறதுக்குன்னு நினைச்சேன், அது வாய்ல ருசி பார்த்துட்டுத் துப்பறதுக்கும் மிச்சத்தைக் கொட்டறதுக்கும். கொட்டினா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, அந்தத் தொழில்ல இருக்கறவங்களே அப்படித்தான் செய்யறாங்க. ரெண்டு பேரு ஒரு டேஸ்டிங்கை பங்கு போட்டுக்கலாமான்னு தைரியமா கேளுங்க, நிறைய இடத்துல விடறாங்க.

போலீஸ் விஷயம் தான் முக்கியம். கொஞ்சம் தானே ஊத்தறாங்கன்னு நினைக்காதீங்க, 45 மில்லி வீதம் அஞ்சு தடவைன்னா 225 மில்லி, அதாவது ஒண்ணரை கிளாஸ். ரெண்டாவது வைனரி முடிஞ்சா மூணு கிளாஸ். அங்க ரத்தத்துல ஆல்கஹால் 0.08 சதவீதம் வந்தாலே கேஸ், அதுக்குக் கம்மியா இருந்தாலும் ஓட்டுறது தடுமாறினா பிடிக்கலாம். எங்க வீட்டுல பிரச்சனையே இல்ல, மத்தியானம் 12 மணிக்கு மேல சாவி என் கைக்கு வந்துரும். ரெண்டு பேருமே குடிக்கறவங்கன்னா அன்னைக்கு வாடகை வண்டி, இல்லன்னா ரூமை ஊர் நடுவுல எடுத்துக்கிட்டு நடந்து போங்க, ஹீல்ட்ஸ்பர்க் சதுக்கத்தைச் சுத்தியே டேஸ்டிங் ரூம் நிறைய இருக்கு. திறந்த பாட்டிலை கார்ல முன்னாடி வெச்சுக்கவே கூடாது, மிச்சம் இருந்தா மூடி டிக்கில போட்டுருங்க.

கே: கலிஃபோர்னியான்னாலே வெயில், நீச்சல் டிரெஸ்னு தானே காட்டறாங்க. நீங்க ஜூலைல ஸ்வெட்டர் போட்டேன்னு எழுதியிருக்கீங்க. பிழையா? – ஆர்.பி., கோயம்புத்தூர்

ப: பிழை இல்ல, நானே ஏமாந்தேன். ஹீல்ட்ஸ்பர்க்ல மத்தியானம் 33 டிகிரி, காட்டன் சேலைல வேர்த்து ஊத்துது. அன்னைக்கு சாயங்காலமே மெண்டசீனோல இறங்குறோம், 14 டிகிரி, பல்லு கிடுகிடுங்குது. நடுவுல அவ்வளவு தூரம் கூட இல்ல, ரெண்டு மணி நேர ரோடு.

இதுக்குக் காரணம் கடல் தாங்க. அந்தப் பக்கம் கடல்ல வடக்கேருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒண்ணு தெக்க வருது, போதாக்குறைக்கு கோடைல அடிக்கிற வடமேற்குக் காத்து மேல்தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளிடுது, அந்த இடத்துக்கு அடியில இருந்து ஐஸ் மாதிரி தண்ணி மேல வருது. மேல வர்ற ஈரக் காத்து அந்தக் குளிர்ல பட்டதும் மூடுபனியா ஆயிடுது. சரி, கடல் மேல இருக்கற பனி கடல் மேலயே இருக்க வேண்டியது தானே, இல்ல, உள்நாட்டுல பள்ளத்தாக்கு வெயில்ல கொதிச்சு அங்க இருக்கற காத்து மேல கிளம்பிடுது, அந்த வெற்றிடத்தை நிரப்ப கடல் காத்து பனியோட மலை இடுக்கு வழியா, ஆத்து வழியா உள்ள ஓடி வருது. ராத்திரி வந்து படுத்துக்கும், காலைல பத்து, பதினோரு மணிக்கு எழுந்து போயிடும். நாங்க ஒரு மேட்டுல நின்னு பார்த்தோம், கீழ பள்ளத்தாக்கு பூரா பால் காய்ச்சி ஊத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு.

இதைக் கேட்டப்புறம் தான் எனக்கு ஒண்ணு விளங்குச்சு. நான் என்னவோ வைன் ஊர் வேற, கடலோரம் வேற, ரெண்டையும் ஒரே டூர்ல சேர்த்துப் போறோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டும் ஒண்ணு தான். பகல் வெயில் திராட்சைல இனிப்பை ஏத்துது, ராத்திரி வர்ற இந்தப் பனி புளிப்பு இறங்காம காப்பாத்துது, ரெண்டும் இருந்தா தான் வைன். அதனால கடலுக்குக் கிட்ட குளிர்ல பீனோ நுவார், ஷார்டனே, உள்ள நாபா பள்ளத்தாக்குல சூடு அதிகமான காலிஸ்டோகா பக்கம் கேபர்னே சாவின்யான்னு ஊருக்கு ஊர் திராட்சை வகை மாறுது. ரெட்வுட் மரமும் இந்தப் பனியை நம்பித்தான் வாழுது, கோடைல அங்க மழையே கிடையாது, பனி இலைல பட்டு சொட்டுச் சொட்டா வேருக்கு இறங்கறது தான் அதுக்குத் தண்ணி. 128-ஆம் நம்பர் ரோடுல கடலுக்கு முன்னாடி கடைசி 11 மைல் நவாரோ ஆத்தை ஒட்டி ரெட்வுட் காடு வருது, பட்டப்பகல்ல ஹெட்லைட் போட்டோம். திராட்சைத் தோட்டம் முடிஞ்சு, காட்டுக்குள்ள நுழைஞ்சு, காடு முடிஞ்ச இடத்துல திடீர்னு கடல். அந்தப் பனி வர்ற வழியில தான் நாங்க எதிர்த்தாப்புல போயிருக்கோம்.

கே: இந்திய லைசென்ஸ் செல்லுமா? – டி.கே., சேலம்

ப: டூரிஸ்டா போறவங்களுக்கு கலிஃபோர்னியால செல்லும். வாடகைக் கார் கொடுக்கறவங்க சில பேர் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கேக்கறாங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ஸ்டாப் போர்டு இருந்தா ரோட்டுல ஈ காக்கா இல்லன்னாலும் முழுசா நிறுத்தணும், இது நம்ம காலுக்குப் பழக நாலு நாள் ஆகும்.

கே: சைவம் சாப்பிடறவங்க கடலோர ஊர்ல என்ன தான் சாப்பிடறது? – திருமதி எல்.ஜே., மயிலாப்பூர்

ப: மாமி, கஷ்டம் தான், பொய் சொல்லமாட்டேன். எங்க பார்த்தாலும் சிப்பி, நண்டு, கிளாம் சவுடர்ங்கற மட்டி சூப். "வெஜிடபிள் சூப்"னு போர்டு இருந்தாலும் அடில சிக்கன் தண்ணியா இருக்கும், மெக்சிகன் கடைல பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு சேர்க்கற வழக்கம் உண்டு, வாய் திறந்து கேட்டுடுங்க. சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் போடறதும் உண்டு. ஏன், சில வைனையே தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கிற பசையோ பயன்படுத்தறாங்கன்னு ஒரு வைனரில சொன்னதும் எங்க வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணும், 20 வருஷமா "இது சைவம் தானே"ன்னு என்கிட்ட வாதாடினவரு.

நாங்க தப்பிச்சது எப்படின்னா, சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு, பொண்ணு வீட்டு மாவடு, அங்கங்க வாங்குன தயிர். ராத்திரி தயிர் சாதம். மத்தியானத்துக்கு வழில ஊர்ச் சந்தைல தக்காளி, பீச் பழம், புளிச்ச மாவு ரொட்டி. மெண்டசீனோ பாறை மேல உக்காந்து அந்தத் தக்காளியை உப்பு தொட்டுத் தின்னோம், எட்டு நாள்ல அது தான் பெஸ்ட் சாப்பாடு.

கே: எனக்கு உயரம்னா பயம். கொடைக்கானல் போனாலே கண்ணை மூடிக்குவேன். அந்த 1-ஆம் நம்பர் ஹைவே எப்படி? – எஸ்.வி., மதுரை

ப: வாங்க, நானும் உங்க கட்சி தான். அங்க வண்டி வலது பக்கம் ஓடுது. அதனால தெக்க இறங்கும்போது கடல் உங்க பக்கம், அதாவது டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல இருக்கறவங்க தான் பள்ளத்தைப் பார்ப்பாங்க. ஜென்னர்ங்கற ஊருக்கு வடக்க சில வளைவுல தடுப்புக் கம்பி கூட இல்ல. காட்சின்னு பார்த்தா தெக்க வர்றது தான் அழகு, வண்டியை ஓரம் கட்டறதும் சுலபம், எதிர் ரோட்டைக் கடக்க வேண்டாம். பயம் அதிகம்னா நாங்க வந்த வழியை அப்படியே திருப்பிப் போட்டு, கடலோரமா வடக்க ஏறிட்டு உள்நாட்டு வழியா திரும்புங்க, அப்ப நீங்க மலைப் பக்கம் இருப்பீங்க. இல்லன்னா என்னை மாதிரி ஸ்டியரிங்கை வாங்கிடுங்க, ஓட்டும்போது பயம் வரல, உக்காந்திருக்கும்போது தான் வருது.

மெதுவா ஓட்டறதுக்கு வெக்கப்படாதீங்க. பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா ஓரத்துல ஒதுங்கி விடணும்னு அங்க சட்டமே இருக்கு, அதுக்குன்னு "டர்ன் அவுட்"னு போர்டு போட்டு இடம் விட்டிருக்காங்க. ஒதுங்குங்க, விடுங்க, மறுபடி 30 மைல்ல உருட்டுங்க.

கே: எட்டு நாள் ரெண்டே பேரு ஒரே கார்ல... சண்டை வரலையா மேடம்? உண்மையைச் சொல்லணும்! – பேர் வேண்டாம், திருநெல்வேலி

ப: வராம இருக்குமா. மூணு சண்டை. முதல் சண்டை ரெண்டாவது நாளே, போன்ல சிக்னல் போயிருச்சு, வழி காட்டுற அம்மா வாயை மூடிட்டாங்க, அவரு "எனக்குத் தெரியும்"னு ஒரு திருப்பத்துல விட்டு 40 நிமிஷம் தோட்டத்துக்குள்ளயே சுத்தினோம். அன்னைக்கு சாயங்காலம் பெட்ரோல் பங்குல பேப்பர் மேப் வாங்கினேன், கல்யாணமான புதுசுக்கு அப்புறம் அவரு மேப்பை விரிச்சதையே நான் அப்பதான் பார்த்தேன். ரெண்டாவது சண்டை பெட்ரோல், பாதி டேங்க் இருக்கும்போதே போடுங்கன்னு நான் சொல்ல, அடுத்த ஊர்ல போட்டுக்கலாம்னு அவரு சொல்ல, அந்தக் கடலோரத்துல அடுத்த ஊர்னா பத்து வீடும் ஒரு கடையும் தான். முள்ளு கீழ தொட்டப்போ ஒரு இடம் வந்துச்சு, வாயைத் திறக்காம ரெண்டு மடங்கு விலை கொடுத்துப் போட்டாரு. மூணாவது சண்டையை எழுத முடியாது, மாமியார் இந்தப் பத்திரிகை படிக்கிறாங்க.

சிரிச்சதும் உண்டு. பூன்வில்னு ஒரு ஊர், 1880, 90-கள்ல அந்த ஊர்க்காரங்க வெளியாளுக்குப் புரியக்கூடாதுன்னு தங்களுக்குள்ள ஒரு பாஷையே உண்டாக்கிட்டாங்க, பேரு பூன்ட்லிங். நாம சின்ன வயசுல "கநா கவ கரே கன்"னு க பாஷை பேசுவோமே, அதோட பெரிய அண்ணன். காபிக்கு "ஸீஸ்"னு பேரு, ஸெட்.சி.ன்னு இனிஷியல் உள்ள ஒருத்தர் ரொம்ப ஸ்ட்ராங்கா காபி போடுவாராம், அவரு இனிஷியலே காபிக்குப் பேராயிருச்சு. ஒரு கப் காபின்னா "ஹார்ன் ஆஃப் ஸீஸ்". இப்ப எங்க வீட்டுல காலைல ஹார்ன் ஆஃப் ஸீஸ் தான் ஓடுது, பொண்ணு தலைல அடிச்சுக்கறா.

கே: ஒரே ஒரு இடத்துக்குத் திரும்பப் போகலாம்னா எங்க போவீங்க? – ஜி.எம்., யாழ்ப்பாணம்

ப: இதுக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். மெண்டசீனோன்னு சொல்லத்தான் வாய் வருது, கடல் மேல நீட்டிக்கிட்டு இருக்கற பாறைத் திட்டுல மரவீடுங்க, வீட்டுக்குப் பக்கத்துல பழைய மரத் தண்ணித்தொட்டி கோபுரம், ஊருக்குன்னு பொதுக் குழாய்த் தண்ணி கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறு, தனித் தொட்டின்னு கட்டின காலத்து மிச்சம். 1906 பூகம்பத்துல சான் ஃபிரான்சிஸ்கோ எரிஞ்சப்போ திரும்பக் கட்ட இந்தக் கரையோரத்து ரெட்வுட் தான் கப்பல்ல போச்சு. துறைமுகம்னு ஒண்ணும் கிடையாது, நாய் திரும்பக்கூட இடம் இருக்காதுன்னு "நாய்ப்பொந்து"ன்னே பேரு வெச்ச குட்டிக் குடாவுல கப்பலை நிறுத்தி, மேல பாறைல இருந்து மரத்தைச் சறுக்கி விட்டிருக்காங்க. நினைச்சாலே கை நடுங்குது.

ஆனா என் ஓட்டு பாயிண்ட் அரீனா கலங்கரை விளக்கத்துக்கு. 1870-ல கட்டுனதை அந்த 1906 பூகம்பம் உடைச்சிருச்சு, அடுத்து 1908-ல 115 அடிக்கு இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்ல ஏத்தினாங்க, கட்டுனது யாருன்னா ஃபேக்டரிக்குப் புகைபோக்கி கட்டுற கம்பெனி! 145 படி. முட்டி வலியோட ஏறினேன். மேல போனா சுத்தியும் பனி, கடலும் தெரியல, தரையும் தெரியல, அடில அலைச் சத்தம் மட்டும் கேக்குது. அவரு "காசு வேஸ்ட்"னாரு. கால் மணி நேரம் பேசாம நின்னோம், அப்புறம் ஒரு ஓரமா பனி கிழிஞ்சு கீழ பாறைல கடல்நாய் ஒண்ணு படுத்திருந்தது தெரிஞ்சுது, உடனே மூடிக்கிச்சு. அவரு இன்னும் ஒரு மணி நேரம் நிக்கலாம்னாரு, லைட்ஹவுஸ்காரங்க தான் மூடப்போறோம்னு இறக்கிவிட்டாங்க. அடுத்த தடவை மார்ச்ல போகணும், சாம்பல் திமிங்கலங்க மெக்சிகோல குட்டி போட்டுட்டு அலாஸ்காவுக்குத் திரும்பற நேரம்.

கே: ஸ்வெட்டர் எத்தனை எடுத்துட்டுப் போகணும்? – ஆர்.பி., கோயம்புத்தூர் (ரெண்டாவது கடிதம்)

ப: ரெண்டு. வீட்டுக்காரர் "எனக்கெல்லாம் குளிராது"ன்னு சொன்னாருன்னா மூணு.